காலி ஸ்தானமும் கூடுதல் சம்பளமும்

கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் குமாஸ்தா ஓய்வு பெறுகிறார். அல்லது காரியதரிசி பதவி விலகுகிறார். புதியவர் நியமனமாகும் வரை அந்த வேலையை யாரேனும் பார்த்தாக வேண்டும். "சிறிது காலம் நீங்களே கவனித்துக்கொள்ளுங்கள்" என்று எஞ்சியுள்ள சிப்பந்தியிடம் நிர்வாக சபையார் சொல்லிவிடுகிறார்கள். சிறிது காலம் என்பது மூன்று மாதமாகிறது, ஓராண்டாகிறது, சில இடங்களில் அதற்கு மேலும் நீளுகிறது. இரண்டு ஸ்தானங்களின் வேலையைச் செய்கிறவர் ஒரு ஸ்தானத்தின் சம்பளத்தையே பெற்று வருகிறார். அவர் கூடுதல் சம்பளம் கேட்கலாமா? கேட்டால் எந்த விதியின்கீழ்க் கேட்பது? சங்கம் கொடுக்கலாமா? கொடுத்தால் எவ்வளவு கொடுப்பது? இக்கேள்விகளை இங்கே வரிசையாக ஆராய்வோம்.

இது சிப்பந்திகளின் விஷயந்தானே, உழவரும் நெசவாளருமான அங்கத்தினர்களுக்கு இதில் என்ன தொடர்பு என்று சிலர் நினைக்கலாம். தொடர்பு இரண்டு விதத்தில் உண்டு. சம்பளமாகப் போகும் பணம் அங்கத்தினர்களின் பணம். சரியான ஆள் இல்லாமையால் தாமதமாகும் காரியமும் அங்கத்தினர்களின் காரியமே. ஆகவே இதை அறிந்துகொள்வது ஒவ்வோர் அங்கத்தினரின் கடமையாகும்.

நம் பகுதியில் இதன் தன்மை

வேதாரண்யம் பழைய தஞ்சை ஜில்லாவின் தென்கிழக்கு மூலை. 1991ஆம் ஆண்டு முதல் நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்தது. காவேரிப் பாசனத்தின் கடைமடையாதலால் இங்குள்ள சம்பா சாகுபடி பெரிதும் வடகிழக்குப் பருவமழையை நம்பி நடைபெறுவது. விதை, உரம், பயிர்க்கடன், பயிர்க்காப்பீடு ஆகிய எல்லாம் ஐப்பசியை ஒட்டிய சில வாரங்களுக்குள் சங்கத்தின் வாசலில் ஒன்றாக வந்து நிற்கும். காப்பீட்டுக்குக் குறித்த கெடு தேதி, சங்கத்தில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று பார்த்துத் தள்ளிப் போவதில்லை. நெசவாளர் சங்கங்களிலும் அப்படியே. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்திய மாதங்களில் நூல் பட்டுவாடா செய்யவும், நெய்த துணியை அளந்து வாங்கவும், கூலிக் கணக்கு முடிக்கவும் ஒருவருக்கு இருவர் தேவைப்படும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. தென்னையும் மாவும் வேரோடு சாய்ந்தன. வீடுகளும் படகுகளும் உப்பளங்களும் சேதமடைந்தன. இத்தகைய காலத்தில் சேதக் கணக்கு எடுப்பதும், சான்றுகளைச் சரிபார்ப்பதும், கடன் பாக்கிகளைத் திருத்தி எழுதுவதும் வழக்கமான வேலையின் பன்மடங்காகும். அப்போது ஒரு நாற்காலி காலியாயிருப்பதன் பாரம் முதலில் எஞ்சிய சிப்பந்தியின் தோளிலும், பிறகு காத்து நிற்கும் அங்கத்தினரின் தலையிலும் விழும்.

இரட்டைப் பொறுப்பு என்பது நமக்குப் புதிதன்று. பரம்பரை முறையில் வந்த கர்ணம், முனிசீப் ஸ்தானங்கள் 1980ஆம் ஆண்டு நவம்பரில் தமிழ்நாட்டில் ஒழிக்கப்பட்டு, அவற்றுக்குப் பதிலாகக் கிராம நிர்வாக அலுவலர்கள் நியமிக்கப்பட்டார்கள். ஒரு கிராமத்தில் அந்த ஸ்தானம் காலியானால் பக்கத்துக் கிராமத்தவர் அதையும் சேர்த்துப் பார்ப்பார். சிட்டா அடங்கல் வாங்கப் போகும் குடியானவர், "இன்று அவர் அந்த ஊரில் இருப்பார்" என்ற பதிலைக் கேட்டுத் திரும்புவது பழகிப்போன காட்சி. நியாயவிலைக் கடைகளிலும் ஒரே விற்பனையாளர் இரண்டு கடைகளை நாள் மாற்றித் திறப்பதைக் காண்கிறோம்.

நான்கு வகைகள்

கூடுதல் வேலை அனைத்தும் ஒரே தன்மையுடையதன்று. சம்பளக் கேள்விக்கு விடை காணுமுன் எந்த வகை என்பதைப் பிரித்தறிய வேண்டும்.

முதலாவது, விடுப்பில் சென்ற ஒருவரின் வேலையைச் சில நாட்கள் பார்ப்பது. இது சக ஊழியரின் ஒத்துழைப்பைச் சேர்ந்தது. பொதுவாக இதற்குத் தனிச் சம்பளம் இல்லை.

இரண்டாவது, காலி ஸ்தானத்தின் அன்றாடக் காரியங்களை மட்டும் கவனிப்பது. கடிதம் வாங்குவது, பதிவேடு எழுதுவது போன்றவை இதில் அடங்கும். அந்த ஸ்தானத்துக்குரிய அதிகாரத்தைச் செலுத்திக் கையொப்பமிடும் உரிமை இவருக்கு இராது.

மூன்றாவது, முழுக் கூடுதல் பொறுப்பு. இதில் தமது வேலையுடன் காலி ஸ்தானத்தின் கடமை, அதிகாரம், ஜவாப்தாரி முழுவதும் ஒருவரிடம் எழுத்து மூலம் ஒப்படைக்கப்படுகிறது.

நான்காவது, உயர்ந்த ஸ்தானத்தில் தற்காலிகமாக அமர்த்தப்படுவது. இதில் அவர் தமது பழைய வேலையை விட்டு மேல் வேலையையே செய்கிறார்.

மூன்றாம், நான்காம் வகைகளில்தான் சம்பளக் கோரிக்கைக்கு உறுதியான ஆதாரம் உண்டு. ஆனால் நடைமுறையில் நிகழ்வது என்ன? வேலை மூன்றாம் வகையாக இருக்கும். உத்தரவு இரண்டாம் வகையாக இருக்கும். பல இடங்களில் உத்தரவே இராது. தகராறுகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

சர்க்கார் விதி கூறுவது

மத்திய சர்க்கார் ஊழியர்களுக்கான அடிப்படை விதிகள் 1922 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தவை. அவற்றுள் 49ஆம் விதி, ஒருவரே இரண்டு ஸ்தானங்களை வகிப்பதைப் பற்றியது. அதன் சாரம் பின்வருமாறு:

(1) அதே அலுவலகத்தில், அதே பதவி வரிசையில் உள்ள உயர்ந்த ஸ்தானத்தின் முழுப் பொறுப்பு முறைப்படி ஒப்படைக்கப்பட்டால், அந்த உயர்ந்த ஸ்தானத்துக்குரிய சம்பளம் கிடைக்கும். கீழ் வேலையையும் சேர்த்துச் செய்வதற்காகத் தனித்தொகை இல்லை.

(2) அதே அலுவலகத்தில் ஒரே பதவி வரிசையைச் சேர்ந்த, ஒரே சம்பள விகிதமுள்ள இரண்டு ஸ்தானங்களை ஒருவர் பார்த்தால், எத்தனை நாள் பார்த்தாலும் கூடுதல் சம்பளம் இல்லை.

(3) வேறு அலுவலகத்திலுள்ள ஸ்தானமானாலும், அதே அலுவலகத்தில் வேறு பதவி வரிசையைச் சேர்ந்த ஸ்தானமானாலும், இரண்டில் உயர்ந்த ஸ்தானத்தின் சம்பளத்துடன் கூடுதல் ஸ்தானத்துக்குரிய சம்பளத்தில் 100க்கு 10 வீதம் சேர்த்துக் கொடுக்கப்படும். பொறுப்பு விதியில் குறித்த குறைந்தபட்ச நாட்களுக்கு மேற்பட்டிருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால், மேற்கொண்டு கொடுப்பதற்கு நிதி அமைச்சகத்தின் சம்மதம் வேண்டும்.

(4) அன்றாடக் காரியங்களை மட்டும் கவனிப்பவருக்கு எவ்வளவு காலமானாலும் கூடுதல் சம்பளம் இல்லை.

கணக்கிட்டுப் பார்ப்போம். கூடுதல் ஸ்தானத்துக்குரிய சம்பளம் மாதம் ரூ. 30,000 என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் பிரிவின்படி அதில் பத்தில் ஒரு பங்கு ரூ. 3,000. மூன்று மாதத்துக்கு ரூ. 9,000. ஒரு முழு ஆளின் மூன்று மாதச் சம்பளமான ரூ. 90,000 மிச்சமான இடத்தில் இத்தொகை பெரியதன்று. ஆயினும், செய்த வேலை வேலையாக அங்கீகரிக்கப்பட்டது என்பதற்கு இது அடையாளமாகும்.

மூன்று மாத எல்லையின் கருத்தையும் கவனிக்க வேண்டும். இரட்டைப் பொறுப்பு என்பது இடைக்கால ஏற்பாடு. அது நிரந்தரமாகிவிடாதபடி, கெடு வந்ததும் மேலிடம் மறுபடி யோசிக்கும்படி விதி செய்கிறது. தமிழ்நாடு அரசும் தன் ஊழியர்களுக்கு அடிப்படை விதிகள் என்ற பெயரில் தனித் தொகுப்பு வைத்திருக்கிறது. அரசுப் பணியில் உள்ளவர்கள் அதையே பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் அரசு சார்ந்த பள்ளிகளில் ஓர் ஆசிரியர் தலைமையாசிரியர் வேலையைப் பார்க்க நேர்ந்தால், அவருக்குப் பொறுப்புப்படி உண்டா என்பதைப் பள்ளி நிர்வாகம் நான்கு வாரங்களுக்குள் தீர்மானித்தாக வேண்டும் என்று அங்குள்ள சம்பள விதி கூறுகிறது. கெடு வைப்பதன் அவசியத்தை எல்லா நாட்டாரும் உணர்ந்திருக்கின்றனர்.

நீதிமன்றத் தீர்ப்புகள்

இவ்விஷயத்தில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று தீர்ப்புகளை அறிந்துகொள்வது நலம்.

அந்தமான் தீவுகளில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் சாரணர் இயக்கக் காரியதரிசியின் வேலை ஒப்படைக்கப்பட்டது. அது உயர்ந்த சம்பளமுள்ள ஸ்தானம். அந்த ஸ்தானத்தில் தமக்குப் பதவி உயர்வு உண்டென்று அவர் வாதிக்க இயலாவிட்டாலும், உத்தரவின்படி அந்த வேலையைச் செய்த காலத்துக்கு அதற்குரிய சம்பளத்தைக் கொடுக்க வேண்டும் என்று 1998ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செய்த வேலைக்குத் தக்க கூலி என்ற பழைய நியாயமே அதற்கு ஆதாரம்.

அதே 1998இல் சண்டிகர் நகரைச் சேர்ந்த பொறியாளர் ஒருவரின் வழக்கு வந்தது. அவர் இடைக்கால ஏற்பாடாக உயர்ந்த ஸ்தானத்தில் ஆண்டுக்கணக்கில் வைக்கப்பட்டிருந்தார். மேல் ஸ்தானத்தின் சம்பளத்தைக் கேட்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருந்தாலும் அத்தகைய உடன்படிக்கை பொது நியாயத்துக்கு மாறானது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி செல்லாது என்று நீதிமன்றம் கூறியது.

இவ்விரண்டையும் மட்டும் படித்தவர்கள் வெற்றி நிச்சயம் என்று எண்ணக்கூடும். 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பு வேறு விதமானது. சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழக அதிகாரி ஒருவர் சட்டப் பிரிவு உதவி மேலாளரின் வேலையைப் பார்க்க அனுமதிக்கப்பட்டார். உயர்ந்த சம்பளம் முதலிய சலுகைகளைக் கோர இயலாது என்று அந்த உத்தரவிலேயே எழுதப்பட்டிருந்தது. அவர் அதை ஏற்று வேலை பார்த்தார். பின்னர்ச் சம்பளம் கேட்டார். அவர் பதவி உயர்த்தப்பட்டவரல்லர், உத்தரவின் நிபந்தனை தெளிவாயிருந்தது என்று கூறி உச்ச நீதிமன்றம் அவர் கோரிக்கையை ஏற்க மறுத்தது.

மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது ஓர் உண்மை விளங்கும். உழைப்பு எவ்வளவு என்பது முக்கியந்தான். ஆனால் அந்த உழைப்பு எந்த உத்தரவின் பேரில், எந்த வாசகத்தின்கீழ் வாங்கப்பட்டது என்பது அதைவிட முக்கியமாகிவிடுகிறது. ஆகவே உத்தரவு கைக்கு வந்த அன்றே அதை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். ஆட்சேபணை இருந்தால் அப்போதே மரியாதையாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஓய்வு பெறும் நாள் வரை வாளாவிருந்துவிட்டுப் பிறகு வழக்காடுவது பயனற்றதாகலாம்.

நம் சங்கச் சிப்பந்திகளின் நிலை

சர்க்கார் விதிகள் கூட்டுறவுச் சங்கச் சிப்பந்திகளுக்குத் தாமாகவே பொருந்துவதில்லை. சங்கச் சிப்பந்தி சர்க்கார் ஊழியரல்லர், சங்கத்தின் ஊழியர். தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983இல் இயற்றப்பட்டு 1988இல் அமலுக்கு வந்தது. அதன்கீழ் வந்த 1988ஆம் ஆண்டு விதிகளில் 149ஆம் விதி இங்கே முக்கியமானது. ஒவ்வொரு சங்கமும் தன் தொழிலின் தன்மை, வரவு செலவின் அளவு, நிதி நிலைமை ஆகியவற்றுக்கேற்ப, சிப்பந்திகளின் பணி நிலைமைகளைப் பற்றிய விசேஷ உபவிதிகளைப் பதிவாளரின் முன் அனுமதியுடன் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்று அவ்விதி கூறுகிறது. எந்தெந்த ஸ்தானங்கள், எத்தனை, என்ன தகுதி என்பன அதில் குறிக்கப்பட்டிருக்கும்.

எனவே முதலில் கையிலெடுக்க வேண்டிய புத்தகம் சங்கத்தின் விசேஷ உபவிதிப் புத்தகமே. அதில் மூன்று செய்திகளைத் தேட வேண்டும். காலியாயிருப்பதாகச் சொல்லும் ஸ்தானம் அனுமதிக்கப்பட்ட ஸ்தானந்தானா? கூடுதல் பொறுப்புக்குப் படி கொடுக்க வகை செய்யப்பட்டிருக்கிறதா? பொறுப்பை ஒப்படைக்கும் அதிகாரம் யாருக்கு? அனுமதிக்கப்படாத ஸ்தானமானால் அதைக் காலி ஸ்தானம் என்று சொல்வதற்கில்லை; அங்கே இருப்பது வேலை மிகுதி மட்டுமே. அதற்குப் பரிகாரம் புதிய ஸ்தானம் கேட்பதாகும்.

நிர்வாக சபை மறுத்தால் என்ன செய்வது? சங்கத்தின் நடவடிக்கைகளைப் பரிசீலித்துத் திருத்தும் அதிகாரத்தை அச்சட்டத்தின் 153ஆம் பிரிவு பதிவாளருக்கு அளிக்கிறது. அதற்குக் காலவரம்பு உண்டாதலால் தாமதியாமல் மனுச் செய்ய வேண்டும். நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போவது எளிதன்று. கூட்டுறவுச் சங்கத்துக்கு எதிராக அதன் ஊழியர் ரிட் மனு தொடர்வது பொதுவாக ஏற்கத்தக்கதன்று என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2006இல் கூறியுள்ளது.

கேட்கும் முறை

கேட்பது இழுக்கன்று. ஆனால் முறையாகக் கேட்க வேண்டும். வாய்ச் சொல்லாக வந்த பொறுப்பை எழுத்தாக்கித் தரும்படி முதல் வாரத்திலேயே கேட்க வேண்டும். பொறுப்பேற்ற தேதி, பெற்றுக்கொண்ட பதிவேடுகள், ரொக்கம், சரக்கு இருப்பு, சாவிகள் ஆகியவற்றுக்குப் பட்டியல் எழுதி இரு தரப்பாரும் கையொப்பமிட வேண்டும். அன்றாடம் செய்த கூடுதல் வேலையை ஒரு நாட்குறிப்பில் எழுதி வருவது நல்லது. பிறகு விண்ணப்பம் செய்யலாம். மாதிரி ஒன்று தருகிறோம்:

"மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு. ஐயா, நமது சங்கத்தில் ......... ஸ்தானம் ......... தேதி முதல் காலியாக உள்ளது. ......... தேதியிட்ட உத்தரவின்படி அதன் முழுப் பொறுப்பையும் என் சொந்த வேலையுடன் சேர்த்து ......... தேதி முதல் பார்த்து வருகிறேன். இக்காலத்தில் நான் செய்த வேலைகளின் விவரமும், பொறுப்பேற்ற பட்டியலின் நகலும் இத்துடன் இணைத்துள்ளேன். விசேஷ உபவிதி .........இன்படி எனக்குக் கூடுதல் பொறுப்புப்படி அனுமதிக்குமாறும், அந்த ஸ்தானத்தை விரைவில் நிரப்புமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்."

கடைசி வாக்கியத்தின் பிற்பகுதியை விட்டுவிடலாகாது. படியை மட்டும் கேட்டு, ஸ்தானத்தை நிரப்பும்படி கேளாதவர் காலியிடத்தை விரும்புகிறவர் என்ற எண்ணத்துக்கு இடமளிப்பார். விண்ணப்பத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

நிர்வாக சபையாரின் கடமை

விண்ணப்பம் வந்தால் அதை அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிப் பட்டியலில் சேர்த்துத் தீர்மானிக்க வேண்டும். கொடுப்பதானால் எந்த உபவிதியின்கீழ், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எவ்வளவு என்று தீர்மானத்தில் தெளிவாக எழுத வேண்டும். உபவிதியில் இடமில்லாமல் இரக்கத்தினால் கொடுத்துவிட்டால், தணிக்கையில் ஆட்சேபணை வரும். கொடுத்த தொகையைத் திருப்பி வசூலிக்க நேரும். வாங்கியவருக்கும் கொடுத்தவர்களுக்கும் மனக்கசப்பே மிஞ்சும். உபவிதியில் இடமில்லையெனில் அதைத் திருத்தப் பதிவாளரின் அனுமதியை நாடுவதே நேர்வழி. மறுப்பதானாலும் காரணத்தை எழுதி மறுக்க வேண்டும். பதில் கூறாமலிருப்பது நிர்வாகமாகாது.

சம்பளச் செலவு குறைகிறதே என்று ஸ்தானத்தைக் காலியாகவே வைத்திருக்கும் சங்கங்கள் உண்டு. அந்த மிச்சத்தின் மறுபக்கத்தைப் பார்க்க வேண்டும்.

பெட்டியும் கணக்கும்

ரொக்கத்தை ஒருவர் கையாள, கணக்கை வேறொருவர் எழுதுவது எல்லா ஸ்தாபனங்களிலும் வழங்கும் பழைய காவல். நகைக்கடன் பெட்டகத்தின் இரண்டு சாவிகள் இருவரிடம் இருப்பதும் அதற்காகவே. நெசவாளர் சங்கத்தில் நூலை இருப்பிலிருந்து எடுத்துக் கொடுப்பவரும், வந்த துணியின் எடையையும் அளவையும் பதிபவரும் வேறு வேறு ஆளாயிருப்பதும் அதற்காகவே. ஒரு ஸ்தானம் காலியாகி இரண்டு வேலைகளும் ஒருவரிடம் சேரும்போது, கூடுதல் வேலை அவருக்கு வருவதுடன் இந்தக் காவலும் நீங்கிவிடுகிறது.

அந்தச் சிப்பந்தி நேர்மையானவராகவே இருக்கட்டும். களைப்பினால் ஒரு ரசீது பதியாமல் போகலாம். ஒரு தவணை வேறொருவர் பேரில் வரவாகலாம். பின்னர்க் கணக்கு உதைக்கும்போது, சரிபார்க்க இரண்டாமவர் இல்லாமையால் பழி முழுவதும் அவர்மீதே விழும். ஆகவே இரட்டைப் பொறுப்பு நீடிக்கும் காலத்தில் நிர்வாக சபை உறுப்பினர் ஒருவர் வாரந்தோறும் ரொக்கத்தையும் இருப்பையும் எண்ணிப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். பெட்டகத்தின் இரண்டாம் சாவியை ஒருபோதும் அதே ஆளிடம் கொடுக்கலாகாது. அது சங்கத்துக்குப் பாதுகாப்பு. சிப்பந்திக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு.

அங்கத்தினர்கள் செய்யவேண்டியது

அடுத்த பொதுச் சபைக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். நம் சங்கத்தில் அனுமதிக்கப்பட்ட ஸ்தானங்கள் எத்தனை, அவற்றுள் காலியாயுள்ளவை எத்தனை? ஒவ்வொன்றும் எவ்வளவு காலமாகக் காலி, நிரப்புவதற்கு என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது? கூடுதல் பொறுப்புப் பார்ப்பவருக்கு எழுத்து மூலம் உத்தரவும் உரிய படியும் கொடுக்கப்பட்டனவா? இவற்றைக் கேட்க ஒருவரும் தயங்க வேண்டியதில்லை. விடை சொல்லத் தலைவரும் தயங்கலாகாது.

கூலியாட்களை வைத்து நடவு நடுகிற குடியானவர், நான்கு பேர் நட வேண்டிய நிலத்தை இருவர் நட்டு முடித்தால் அந்த இருவருக்கும் சற்றுக் கூட்டிக் கொடுத்தே அனுப்புவார். தறியில் கூடுதல் முழம் நெய்தவருக்கு அந்த முழத்துக்கும் கூலி உண்டு. வயலிலும் தறியிலும் நாம் ஒப்புக்கொண்டுள்ள இந்த நியாயத்தைச் சங்கத்தின் மேஜைக்கும் ஒப்புக்கொள்வது முறை. காலி ஸ்தானத்தை நிரப்புவதே முதற்கடமை. நிரப்பும் வரை பாரம் சுமக்கிறவருக்கு உரியதை உரிய விதிப்படி கொடுப்பது அடுத்த கடமை. இவ்விரண்டையும் தவறாமல் செய்யும் சங்கத்தில் அடுத்த சம்பாவுக்குக் கடன் கேட்டு வரும் அங்கத்தினர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்ப நேராது.